மூக்குத் திண்டு

முன்னால் பட்டறை, பின்னால் வீடு. வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் பட்டறை அது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றம். தண்ணீர்க் குழாயும் துணிக்கொடியும் அங்கேதான். ஆறு வாரமாக அவள் முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் படுக்கப் போகவில்லை. பட்டறையில், ஸ்பாஞ்சுத் தகடுகள் அடுக்கியிருந்த மூலையில் பாய் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தனி வார்டில் நர்ஸ் வேலை. காற்றில் பரவுகிற காய்ச்சல். வீட்டிலோ நாத்தனார் ஏழு மாதக் கர்ப்பம். புருஷன் கப்பலில் இருப்பதால் பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள்.

காலை ஏழு மணி ஷிப்டு முடிந்து அவள் நாலு மணிக்கு வருவாள். பின்வாசல் வழியாக வந்து, குழாயடியில் துணியை சோப்புத் தண்ணீரில் அமுக்கி, குளித்துவிட்டுப் பட்டறைக்குள் போவாள். தகரக் கூரை அந்த நேரத்தில் கொதிக்கும். அவளுடைய புருஷன் தட்டில் சோறும் முட்டையும் வைத்து ஸ்டூலில் மூடி வைத்திருப்பார். தெருவில் அவருக்குப் பஞ்சு என்று பெயர். ஸ்பாஞ்சுத் தூள் எப்போதும் தலைமுடியில் ஒட்டியிருக்கும்.

அன்று அவள் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் மெஷினை நிறுத்திவிட்டு எதிரில் வந்து நின்றார்.

"பிளாஸ்திரிய எடு."

"இப்பத்தான் ஒட்டினேன்."

"எடும்மா. பாக்கத்தானே போறேன். பிச்சுக்கிட்டா போகப் போறேன்?"

எடுத்தாள். மூக்குத் தண்டில் சுண்டுவிரல் நகமளவுக்குத் தோல் போயிருந்தது. உள்ளே சிவப்பாக, ஈரமாக இருந்தது. இரண்டு கன்னத்திலும் முகக்கவசத்தின் விளிம்பு பழுப்பாகக் கோடு போட்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். கிழிந்த சீட்டைப் பார்க்கிற பார்வைதான் அது; அவருக்கு வேறு மாதிரி பார்க்கத் தெரியாது.

"எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரம் இருக்கும்."

முற்றத்துக்கு அந்தப் பக்கம், சமையலறை ஜன்னலில் நாத்தனாரின் முகம் தெரிந்தது. "அண்ணி, மூக்கு குத்தறதுன்னா ஓரத்துல குத்துவாங்க. நீங்க என்ன நடுவுல குத்திட்டு வந்திருக்கீங்க?"

அவள் சிரித்தாள். சிரித்தால் புண் இழுத்தது. "சிரிக்க வைக்காதடி. வலிக்குது."

"பெரிய சிஸ்டர்கிட்ட காட்டினியா?" என்றார் அவர்.

"காட்டினா வெளிய அனுப்பிருவாங்க. மூஞ்சில திறந்த புண்ணோட உள்ள விட மாட்டாங்க."

"அனுப்பட்டுமே."

"ஒல்லி தனியா நிப்பான். நாலே ஜோடிதாங்க இருக்கோம், இருபத்திரெண்டு கட்டிலுக்கு."

வார்டுக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. ஜோடி ஜோடியாகத்தான் போகவேண்டும். ஒருவர் கவச உடை போடுவதையும் கழற்றுவதையும் மற்றவர் நின்று பார்க்கவேண்டும். அவளுடைய ஜோடி ஒல்லி. படிப்பு முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்த ஆண் நர்ஸ். எதற்கெடுத்தாலும் அக்கா அக்கா என்பான். அவனை விட்டுவிட்டுப் போனால் வார்டே நின்றுவிடும் என்று அவள் நம்பினாள். வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் தகடுகளிடம் போனார். கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அழுத்தி, பள்ளம் எழும்பி வருவதைப் பார்த்தார். எழும்பும் வேகத்தை வைத்து அவர் ஸ்பாஞ்சைத் தேர்ந்தெடுப்பார். சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து, நீளக் கத்தியால் மெல்லிசாகச் சீவினார்.

"என்னங்க பண்றீங்க?"

"உன் மூக்குக்கு ஒரு திண்டு."

"திண்டா?"

"லாரி டிரைவர் ஒருத்தர் வந்தாரே, மூலம்னு. நடுவுல குழி விட்டுத் தெச்சுக் குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் சொகமா ஓட்டறாரு."

"அவர் உக்கார்ற இடமும் என் மூக்கும் ஒண்ணா?"

"அழுத்தம் எங்க இருந்தாலும் அழுத்தந்தானே."

ஜன்னலில் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, மூஞ்சிக்கு ரெக்ஸின் போட்டுறாத. வேர்க்கும்."

ரெக்ஸின் போடவில்லை. பழைய பனியன் துணியில் உறை தைத்தார். நடுவில் இடுங்கி இரண்டு பக்கமும் அகன்ற வடிவம். புண்ணுக்கு நேராக ஒரு சின்னக் குழி. அந்தத் துண்டு ஒரு பட்டாம்பூச்சி அளவுகூட இல்லை, ஆனால் நாலு தடவை பிரித்துத் தைத்தார். அவள் அதை மூக்கில் வைத்து, மேலே முகக்கவசத்தை மாட்டிக் கைகளைச் சுற்றிக் குவித்து ஊதிப் பார்த்தாள். காற்று எங்கேயும் கைக்குத் தட்டுப்படவில்லை.

மறுநாள் வலி இல்லை. எட்டு மணி நேரமும் மூக்கு என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. ஒரு நோயாளிக்கு ஊசி போடும்போது தன்னை அறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். கழற்றும் அறையில் ஒல்லி கேட்டான்.

"என்னக்கா, இன்னிக்கு ஒரே குஷி? லாட்டரி விழுந்திச்சா?"

அவள் காட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு வேணும்க்கா. எனக்கு கன்னத்துல. மாமாகிட்ட சொல்லுங்க, நல்ல கலர்ல."

மாமா ஆறு வெட்டினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாத்தனார் முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். நர்ஸுக்கு அது முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தன் மடியில் தூக்கி வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் அப்படியே நின்றது. கருவியை எடுத்து வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அப்படியே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் போடுகிற துணிக்கவசத்தை அன்று அவள் போடவில்லை. ஆறிவருகிற புண்மேல் எதற்கு இன்னொன்று என்று விட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை அளவு சிஸ்டர் வந்தாள்.

தொற்றுத் தடுப்புப் பிரிவுக்காரி. வருடத்துக்கு ஒருதரம் ஒவ்வொருவர் முகத்துக்கும் கவசம் பொருந்துகிறதா என்று சோதிப்பது அவள் வேலை. தையற்காரி மாதிரி ஆளை மேலும் கீழும் பார்ப்பதால் அந்தப் பெயர். குட்டை உருவம், கயிறு கட்டிய கண்ணாடி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவள் போன்ற குரல்.

சோதனை எளிது. தலையில் முன்பக்கம் கண்ணாடித்தாள் வைத்த ஒரு பையைக் கவிழ்ப்பார்கள். அதிலுள்ள ஓட்டை வழியாக இனிப்புத் தண்ணீரைப் புகையாக அடிப்பார்கள். கவசம் சரியாக இருந்தால் இனிப்பு தெரியாது. தெரிந்தால் எங்கோ வழி இருக்கிறது.

"எப்பவும் எப்படிப் போடுவியோ அப்படியே போடு" என்றாள் அளவு சிஸ்டர்.

அவள் திண்டை வைத்து, கவசத்தை மாட்டினாள். பை கவிழ்ந்தது. சாதாரணமாக மூச்சு விட்டாள். ஆழமாக விட்டாள். தலையை இடம் வலம் திருப்பினாள். ஒன்றுமில்லை.

"மேல பாரு. கீழ பாரு."

கீழே பார்த்தபோது நுனிநாக்கில் லேசாகத் தித்தித்தது. வெறும் நினைப்போ என்று நாக்கை உள்ளுக்கு இழுத்தாள். மறுபடி மேலே பார்த்தாள். இப்போது தொண்டைவரை இனித்தது.

"ஏதாவது தெரியுதா?"

தெரியவில்லை என்றால் முடிந்தது. பத்து நிமிடத்தில் உடை மாற்றி உள்ளே போய்விடலாம். கண்ணாடித்தாளுக்கு வெளியே ஒல்லி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய இன்னொரு கையில் புதுத் திண்டு இருந்தது. இன்றுதான் முதல்முறை வைக்கப் போகிறான். அவளுக்கு மடியில் கிடந்த வீங்கிய கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. நாலு நாள் இப்படித்தான் உள்ளே நின்றிருக்கிறாள்.

கையைத் தூக்கினாள்.

அளவு சிஸ்டர் பையை எடுத்தாள். கவசத்தைக் கழற்றி, திண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ரப்பர் பட்டையைப் பிடித்தாள். இரண்டு பட்டையிலும் முடிச்சு இருந்தது.

"இது எதுக்கு?"

"இறுக்கமா இருந்தாத்தானே பாதுகாப்புன்னு..."

"பெரிய சைஸ எடுத்து, முடிச்சுப் போட்டு இறுக்கி, மூஞ்சிய அறுத்துக்கிட்டு, அறுத்த இடத்துல மெத்தை வெச்சிருக்க. நீ மாஸ்க் போட்டியா, மூட்டை கட்டினியா?"

ஒல்லி தன் கையிலிருந்ததைப் பைக்குள் திணித்தான்.

"உள்ள வெச்சத நாளைக்கு வெளிய எடுக்கலாம்னு நினைக்காத. குடு இப்பவே" என்று அவனிடம் கை நீட்டினாள். அப்புறம் இவள் பக்கம் திரும்பியபோது குரல் தணிந்திருந்தது. "வீட்ல யார் யார்?"

சொன்னாள். ஏழு மாதம் என்று சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

"இன்னிலிருந்து விடுதில தனி ரூம். அஞ்சு நாள் கழிச்சு உனக்கும் அவங்களுக்கும் டெஸ்ட். இப்பவே வீட்டுக்கு போன் பண்ணு. நானே பண்ணட்டுமா?"

"நானே பண்றேன்."

விடுதி அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், வெளியே ஆக்ஸிஜன் சிலிண்டர்களை உருட்டும் சத்தம். அவள் போனை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு அழைத்தாள். கேட்டு முடித்ததும் அவர் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"நான் தெச்சதாலயா?"

"நான் போட்டதால."

"தெச்சது நான்தானே."

"படிச்சவ நான்தானே. நீங்க பஸ் சீட்டுக்குத் தைக்கறவர். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

 அப்புறம் நாத்தனார் போனை வாங்கினாள். "அண்ணி, எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத் தின்னேன், நல்லாத் தூங்கினேன். உள்ள இருக்கறது வேற ராத்திரி பகல்னு இல்லாம உதைக்குது. அழுவறீங்களா?"

"இல்ல."

"அழுவுங்க, அழுதுட்டுப் போங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இரண்டாம் நாள் மழை பிடித்தது. பட்டறை திறக்கவில்லை. கூரை ஒழுகி ஸ்பாஞ்சுத் தகடுகள் நனைந்தன; அவர் அதைக்கூட நகர்த்தி வைக்கவில்லை. நாத்தனார் அடிக்கொருதரம் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் பார்த்தால் முடியை ஒதுக்குவதுபோல் கையை எடுத்துவிடுவாள்.

மூன்றாம் நாள் அவர் மீதித் திண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தனி வார்டுக் கட்டடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில், ஆறடி தள்ளி நின்று அளவு சிஸ்டர் அவரிடம் பேசினாள்.

"நான்தாம்மா செஞ்சது. இன்னும் அஞ்சு இருக்கு. எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அவள் ஒன்றை வாங்கி விளிம்பைப் பார்த்தாள். "தையல் நல்லா இருக்கு."

"தையல விடுங்கம்மா. வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகாதில்ல?"

"தெரியாது. மூணு நாள்ல தெரியும்." அவள் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். ஆனால் அங்கிருந்து போகவும் இல்லை. "ஒண்ணு கேக்கறேன். இந்த ஸ்பாஞ்சு காத்து விடுமா?"

"நல்லா விடும்மா. காத்து விடலன்னா வேர்த்துரும், அதனாலதான் பாத்து..."

நிறுத்திவிட்டார். பையிலிருந்து ஒரு திண்டை எடுத்து வாயருகே கொண்டுபோய் ஊதினார். மறுபக்கம் வைத்திருந்த விரலில் காற்றுப் பட்டது. முப்பது வருடமாக நல்ல ஸ்பாஞ்சுக்கு அதுவும் அவருடைய ஒரு சோதனை. பையைக் கீழே வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்தார்.

"அவ மூக்கு நல்லா இருக்கணும்னு நினைச்சீங்க. அது தப்பில்ல" என்றாள் அளவு சிஸ்டர். "திண்டு வெக்கறது வழியில்ல. அழுத்தத்த இறக்கி வெக்கறதுதான் வழி. சரியான சைஸ் போடணும், முடிச்சு கூடாது, போடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கொஞ்சம் கிரீம் தடவி ஊற விடணும். தண்ணி குடிக்கணும். அதவிட முக்கியம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வெளிய வந்து கழட்டணும். பதினஞ்சு நிமிஷம் தோலுக்கு விடுதலை. நானும் ஒன்றரை மாசமா தொண்டை கிழியக் கத்தறேன், ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க."

"ஏன் வர மாட்டேங்கறாங்க?"

"வெளிய வந்தா ஒரு உடை வீணாப் போகுதாம். வேல கெடுதாம். வந்தாலும் எங்க உக்கார்றது? அங்க பாருங்க."

ஓய்வறைக் கதவு திறந்திருந்தது. அவர் வாசலில் நின்று பார்த்தார். சுவரோரம் ஒரு நீள இரும்பு பெஞ்சு. இருக்கை கிழிந்து, கம்பிச்சுருள் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் யாரோ காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அவர் கட்டைவிரலால் இருக்கையை அழுத்தினார். அழுத்தின இடம் எழும்பி வரவே இல்லை.

"இதுல மனுஷன் உக்காருவானா?" என்றார்.

"அதத்தான் நானும் சொல்றேன்."

"அளவு எடுத்துக்கலாமா?"

அளவு சிஸ்டர் தன் கழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க வீட்டு டெஸ்ட் முடியட்டும். அதுக்கப்புறம் எடுத்துக்கிட்டுப் போய் வீட்ல வெச்சே தெய்ங்க. உறை சோப்புப் போட்டுக் கழுவற மாதிரி, தையல் ஓட்டையில்லாம இருக்கணும். இங்க ரெக்ஸின்தான் சரி."

ஐந்தாம் நாள் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் முடிவு வந்தது. மூன்று பேருக்கும் இல்லை. நாத்தனார்தான் முதலில் போன் செய்தாள்.

"அண்ணி, பாஸ். உள்ள இருக்கறதும் சேத்து நாலு பேர் பாஸ்."

அவர் போனை வாங்கினார். "கேட்டியா?" என்றார்.  மழை விட்டிருந்தது. அன்று சாயங்காலம் நனைந்த தகடுகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்குத் தூக்கிவந்து பிழிந்து காயவைத்தார்.

புண் மூட இன்னும் நாலு நாள் ஆனது. பத்தாம் நாள் அளவு சிஸ்டர் ஒரு சைஸ் சிறிய கவசத்தைக் கொடுத்தாள். மேல் பட்டை உச்சந்தலையில், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். மூக்குக் கம்பியைக் கிள்ளாமல் இரண்டு கை விரல்களாலும் நீவி அமர்த்தச் சொன்னாள். முகத்தில் ஒட்டியிருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது, அவ்வளவு லேசாக இருந்தது.

"கழண்டுருமோன்னு இருக்கு சிஸ்டர்."

"உன் பயத்துக்கு எல்லாம் அளவு கிடையாது. தலைய ஆட்டு."

மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். குனிந்து நிமிர்ந்தாள். இருபது வரை உரக்க எண்ணினாள். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொருதரம் இனிப்பை அடிக்கச் சொன்னாள். அப்போதும் தெரியவில்லை.

உடை மாற்றும் அறையில் ஒல்லி காத்திருந்தான். கன்னத்துக் கோடு அவனுக்கு மங்கியிருந்தது.

"எப்படிடா சமாளிச்ச?"

"பிரசவ வார்டுலேர்ந்து ஒரு அக்காவ ஜோடி போட்டாங்க. நல்லாப் போச்சு." அவளுடைய உடையின் பின்பக்க ஜிப்பை இழுத்துவிட்டுச் சொன்னான். "நீங்க இல்லன்னா வார்டு கவுந்துரும்னு நினைச்சீங்களாக்கா?"

"ஆமாடா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். கவுழல."

உள்ளே வேலை சரியாக இருந்தது. பன்னிரண்டாம் கட்டில்காரருக்கு மூச்சு வாங்கியது. குப்புறத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். ஒரு அம்மா தன் பல்செட்டைக் காணோம் என்றார். தலையணை உறைக்குள் இருந்தது. இரண்டு ஊசி பாக்கி இருக்கும்போது கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். வெளியே அளவு சிஸ்டர் கடிகாரத்தைக் காட்டினாள். பக்கத்தில் மாற்று ஜோடி உடைபோட்டுத் தயாராக நின்றது.

"ரெண்டு ஊசிதானே. போட்டுட்டு வரேன்னு சொல்லு" என்றாள் அவள்.

ஒல்லி அவள் கையிலிருந்த தட்டை வாங்கி மாற்று ஜோடியின் கையில் கொடுத்தான். "அவங்களுக்கும் ஊசி போடத் தெரியும்க்கா. வாங்க."

ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஒருவர் கழற்ற மற்றவர் பார்த்தார். கடைசியாகக் கவசம். முகத்தில் காற்று பட்டபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெறும் தண்ணீரில் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

ஓய்வறையில் அட்டைப்பெட்டிகள் இல்லை. பெஞ்சு முழுக்க பச்சை ரெக்ஸின், பஸ் சீட்டுக்குப் போடுகிற கெட்டி ரகம். ஓரங்களில் தையல் தெரியாமல் மடித்து ஒட்டியிருந்தது. அவள் உட்கார்ந்தாள். முதுகு தானாகச் சுவரில் சாய்ந்தது. ஒல்லி மறுகோடியில் உட்கார்ந்த உடனேயே தூங்கிப்போனான். வேலை நேரத்தில் இப்படி உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ களவு செய்வதுபோல் கூச்சமாக இருந்தது. போனை எடுத்தாள்.

"என்ன அண்ணி, இந்நேரத்துல?" நாத்தனாரின் குரல் பதறியது. "என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எதுக்கு போன்?"

"சும்மாதான். உக்காந்திருக்கேன்."

 நாத்தனார் பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்துவது கேட்டது. "அண்ணே, அண்ணி சும்மா உக்காந்திருக்காங்களாம்."

மெஷின் சத்தம் நின்றது. முற்றத்தில் செருப்புச் சத்தம் வந்தது. அவர் போனை வாங்கினார்.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினோரு நிமிஷம்."

"அப்ப வெக்காத" என்றார்.